ஆதார், போன், ஓடிபி: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பந்தலூர், சேரம்பாடி எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகள் முதல் கோத்தகிரியின் படுகர் ஊர்களான ஹட்டிகள், ஊட்டி கடைவீதி வரை கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். மலையில் ஒருவரின் சொந்த விவரம் பெரும்பாலும் உதவி செய்கிற கைகள் வழியாகவே வெளியே போகிறது. டவர் இல்லை என்று பக்கத்து வீட்டு நம்பரைக் கொடுக்கிறோம். பிரிண்டர் இல்லை என்று கடைக்காரர் போனுக்கு ஆதாரை அனுப்புகிறோம். உதவுகிறவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள்தான். ஆனாலும் அவர் கம்ப்யூட்டர் யார் கைக்குப் போகும், அவர் சிம் நாளை யாரிடம் இருக்கும் என்பது அவருக்கே தெரியாது. பதில்களை அந்தக் கோணத்தில் எழுதியிருக்கிறோம்.

என் ஆதார் எண் யாருக்கோ தெரிந்துவிட்டது. அதை வைத்துப் பணம் எடுக்க முடியுமா?

12 இலக்க எண் மட்டும் இருந்தால் முடியாது. எண்ணோடு உங்கள் விரல் ரேகையும் சேர்ந்தால் முடியும். கையடக்க மெஷின் வைத்திருக்கும் வங்கி முகவரிடம் பணம் எடுக்க மூன்று விஷயங்கள் போதும்: ஆதார் எண், வங்கியின் பெயர், ரேகை. ஓடிபி வராது, ஏடிஎம் பின் கேட்காது. ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். ஏடிஎம்முக்குப் பஸ் ஏறிப் போக வேண்டிய எஸ்டேட்டில் இது பெரிய வசதி. ஆனால் பின் நம்பர் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம், ரேகையை மாற்ற முடியாது. அதனால் ரேகை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

"ரேகை விழலம்மா, இன்னொரு தடவை வைங்க" என்கிறார்கள். நம்பலாமா?

கொழுந்து பறிக்கும் கையில் ரேகை தேய்ந்திருக்கும், கறை ஏறியிருக்கும். பனிக்காலத்தில் தோல் வெடித்தும் இருக்கும். ரேகை உண்மையாகவே விழாத நாட்கள் உண்டு. அதைச் சாக்காக வைத்தே ஏமாற்று வேலையும் நடக்கிறது: முதல் தடவையே பணம் கழிந்துவிடும், "விழவில்லை" என்று சொல்லி இரண்டாவது தடவைக்கு மட்டும் பணம் தருவார்கள்.

கையைக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்துவிட்டு விரலை வையுங்கள். ஆதாரில் பத்து விரல்களும் பதிவாகியிருப்பதால் கட்டைவிரல் விழாவிட்டால் மோதிர விரலை வைக்கலாம். ஒவ்வொரு தடவை வைத்த பிறகும், அது தோல்வி என்றாலும், மெஷின் சீட்டைக் கேளுங்கள். சீட்டு தராமல் "மறுபடி வைங்க" என்றால் வைக்காதீர்கள். திரையில் பணம் எடுப்பது என்று இருக்கிறதா, இருப்புப் பார்ப்பது என்று இருக்கிறதா என்று கூட வருகிற பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். பாஸ்புக்கை மாதம் ஒரு தடவையாவது பதிந்து, எடுத்த தொகைகளைச் சீட்டுகளோடு ஒப்பிடுங்கள்.

ரேகையைப் பூட்டி வைக்கலாம் என்கிறார்களே? பூட்டினால் ரேஷன் கிடைக்குமா?

பூட்டலாம். ஆதார் ஆணையத்தின் மைஆதார் தளத்தில் நுழைந்து பயோமெட்ரிக் பூட்டு என்ற இடத்தைத் தேர்வு செய்யுங்கள். ஆதாரில் பதிந்த போன் நம்பருக்கு ஓடிபி வரும். அதைப் போட்டதும் ரேகை, கருவிழி, முகம் மூன்றும் பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு யார் உங்கள் ரேகையை வைத்தாலும் மெஷின் ஏற்காது. இதன் பக்கத்திலேயே ஆதார் எண்ணைப் பூட்டுவது என்று இன்னொன்று இருக்கும். அதற்கு முதலில், ஆதார் எண்ணுக்குப் பதிலாகக் கொடுக்கும் 16 இலக்க மெய்நிகர் எண் எடுக்க வேண்டும். பெரும்பாலோருக்கு அது தேவைப்படாது.

ரேஷன் கடையிலும் ரேகைதான் கேட்கிறார்கள். பூட்டியவர் வரிசையில் நின்றால் அங்கேயும் ரேகை விழாது. தற்காலிகமாகத் திறந்தால் சுமார் 10 நிமிடத்தில் தானே மறுபடி பூட்டிக்கொள்ளும். திறக்க இணையம் வேண்டும், கடை இருக்கும் பள்ளத்திலோ டவர் இருக்காது. மேட்டில் திறந்துவிட்டு இறங்கி வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். எங்கள் யோசனை: குடும்பத்தில் ரேஷனுக்குப் போகிற ஒருவரைத் தவிர மற்றவர்கள், முக்கியமாக வங்கியில் சேமிப்பு வைத்திருக்கும் பெரியவர்கள், பூட்டிக்கொள்ளுங்கள். மகளிர் உரிமைத் தொகை, நூறு நாள் வேலைக் கூலி போன்றவை கணக்கில் வந்து விழுவதைப் பூட்டு தடுக்காது. ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் ரேகை வைத்து உயிர்வாழ் சான்று கொடுப்பதாக இருந்தால் அன்று மட்டும் திறக்க வேண்டும்.

எங்கள் லைனில் டவரே கிடைக்காது. வங்கிக் கணக்குக்கு ஏஜெண்ட் நம்பரைக் கொடுத்துவிட்டோம். பரவாயில்லையா?

இதைத்தான் முதலில் சரி செய்ய வேண்டும். வங்கியில் பதிந்த நம்பர் யாரிடம் இருக்கிறதோ, கணக்கின் சாவி அவரிடம் இருக்கிறது. அந்த நம்பருக்கு ஓடிபி போகும். ஏடிஎம் அட்டை விவரமும் கிடைத்துவிட்டால் உங்கள் கணக்கில் அவரே யுபிஐ தொடங்கிவிடலாம். பணம் எடுத்தால் வரும் எஸ்எம்எஸ்ஸும் அவருக்குத்தான் போகும், உங்களுக்கு எதுவும் தெரியாது. இன்னொரு ஆபத்தும் உண்டு. அவர் அந்த சிம்முக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் நம்பர் சில மாதங்களில் வேறு யாருக்காவது ஒதுக்கப்படும். அப்போது உங்கள் கணக்கின் செய்தி முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகும்.

பச்சைத் தேயிலைப் பணம் எந்தக் கணக்கில் விழுகிறதோ அந்தப் பாஸ்புக்கோடு கிளைக்குப் போய், "எந்த நம்பர் பதிவாகியிருக்கிறது?" என்று கேளுங்கள். உங்கள் பெயரில் உள்ள சிம்முக்கு மாற்றப் படிவம் கொடுங்கள். ஆதாரில் உள்ள நம்பரையும் ஆதார் மையத்தில் ரேகை வைத்து மாற்றலாம். வேறு ஆவணம் கேட்க மாட்டார்கள், கட்டணம் 75 ரூபாய். வீட்டில் சிக்னல் இல்லாவிட்டாலும் நம்பர் உங்களுடையதாகவே இருக்கட்டும். எஸ்எம்எஸ் காத்திருந்து, டவர் உள்ள இடத்துக்கு நீங்கள் வந்ததும் விழும். ஓடிபி மட்டும் சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும். அதனால் ஓடிபி தேவைப்படும் வேலையைச் சந்தைக்குப் போகும் நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேட்டுக்குப் போகிற பையனிடம் போனைக் கொடுத்து "ஓடிபி வந்தா சொல்லுப்பா" என்பதும் கூடாது. போகிறவன் நம்ம வீட்டுப் பையன் என்றால் சரி.

என் பெயரில் வேறு யாராவது சிம் வாங்கியிருப்பார்களா?

தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் நம்பரைப் போட்டு ஓடிபி கொடுத்தால், உங்கள் பெயரில் உள்ள இணைப்புகள் எல்லாம் வரிசையாக வரும். தமிழ்நாட்டில் ஒருவர் பெயரில் அதிகபட்சம் 9 இணைப்பு இருக்கலாம். உங்களுடையது இல்லாததை "என் நம்பர் இல்லை" என்று அங்கேயே குறிக்கலாம். குடை விரித்து பஸ் நிலையத்தில் சிம் விற்கிறவர்களிடம் "ஒரு தடவை சரியா வரல" என்று இரண்டு முறை முகப்படமோ ரேகையோ கொடுத்திருந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

ஜெராக்ஸ் கடைக்காரர் "வாட்ஸ்அப்ல அனுப்புங்க, பிரிண்ட் எடுத்துத் தர்றேன்" என்கிறார். அனுப்பலாமா?

அனுப்பினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கடை கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்திருக்கும். உங்கள் கோப்பு அங்கே இறங்கி டவுன்லோட்ஸ் என்ற ஃபோல்டரில் உட்காரும். நீங்கள் வீட்டுக்குப் போய் "எல்லோருக்கும் நீக்கு" என்று அழுத்தினால் உரையாடலிலிருந்து மட்டும்தான் மறையும், டவுன்லோட்ஸில் இறங்கியது அப்படியே இருக்கும். அந்த ஃபோல்டரில் ஊரில் பாதிப் பேரின் ஆதாரும் பான் அட்டையும் சேர்ந்திருக்கும். அதன் முன்னால் நாளைக்குப் பத்துப் பேர் உட்காருகிறார்கள்.

வேறு வழியில்லாமல் அனுப்பினால் இப்படிச் செய்யுங்கள். முழு ஆதாருக்குப் பதில் மறைக்கப்பட்ட ஆதாரை அனுப்புங்கள். மைஆதார் தளத்தில் தரவிறக்கும்போதே அந்தத் தேர்வு இருக்கும், கடைசி 4 இலக்கம் மட்டும்தான் தெரியும். பிரிண்ட் வந்ததும் அங்கேயே நின்று கோப்பை அழிக்கச் சொல்லுங்கள். டெலிட் மட்டும் அழுத்தினால் அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகும். ஷிஃப்ட்டும் டெலிட்டும் சேர்த்து அழுத்தினால்தான் போகும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், நல்ல கடைக்காரர் கோபப்பட மாட்டார்.

மெயிலைத் திறந்து எடுப்பதாக இருந்தால் குரோமில் இன்காக்னிட்டோ சன்னல் திறக்கச் சொல்லுங்கள். "பாஸ்வேர்டைச் சேமிக்கவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இன்காக்னிட்டோவை மூடினாலும் இறக்கிய கோப்பு மட்டும் கம்ப்யூட்டரிலேயே தங்கும். அதைத் தனியாக அழிக்க வேண்டும்.

இ-ஆதார் கோப்புக்குத்தான் பாஸ்வேர்ட் இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் அது என்ன என்பது எல்லோருக்கும் தெரியும்: பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து பெரிய எழுத்தில், அடுத்து பிறந்த ஆண்டு. உங்கள் பெயரும் வயதும் தெரிந்தவர் எவரும் திறந்துவிடலாம். அதைப் பாதுகாப்பு என்று எண்ணிக் குழுவில் பகிராதீர்கள்.

தாளில் ஜெராக்ஸ் கொடுக்கும்போது?

நகலின் குறுக்கே, எழுத்துகளின் மேல் படும்படி, எதற்காக, யாருக்கு, எந்தத் தேதி என்று பேனாவால் எழுதிக் கையெழுத்திடுங்கள். "கேஸ் இணைப்பு முகவரி மாற்றத்துக்கு மட்டும்" என்று எழுதிய நகலை சிம் வாங்கப் பயன்படுத்துவது கடினம். சரியாக விழாத நகலைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். போண்டா மடிக்கிற தாளாக அது திரும்பி வரும்.

ஹோம்ஸ்டே நடத்துகிறோம். விருந்தினர் அடையாள அட்டையை வாங்கி வைக்க வேண்டியிருக்கிறது. எப்படி வைப்பது?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பல வீடுகளில் விருந்தினர் அனுப்பும் அட்டைப் படம் உரிமையாளரின் சொந்த போன் கேலரியில் குழந்தைகளின் படத்தோடு கலந்து கிடக்கிறது. அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்குத் தானே ஏறி, அதே கணக்கில் நுழைந்திருக்கும் மற்ற போன்கள் அனைத்திலும் தெரிகிறது.

வாட்ஸ்அப் அமைப்புகளில் "கேலரியில் மீடியாவைக் காட்டு" என்பதை அணைத்துவிடுங்கள். முன்பதிவுக்குத் தனி நம்பர் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் உரிமமோ மறைக்கப்பட்ட ஆதாரோ கொடுத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். பதிவேட்டில் பெயர், ஊர், போன், அட்டை வகை, கடைசி 4 இலக்கம் எழுதிக்கொண்டு, படத்தை அழித்துவிடலாம். பதிவேட்டை வரவேற்பு மேசையில் விரித்து வைக்காதீர்கள். அடுத்து வருகிறவர் முந்தினவரின் நம்பரைப் படிக்கிறார், தனியாக வந்து தங்கும் பெண்களுக்கு அது எவ்வளவு தொல்லை என்று யோசித்துப் பாருங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசின் இணையதளத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த வேலையை நீங்களே செய்யுங்கள். பாஸ்போர்ட் படத்தை இடையில் இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள்.

2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன. படிப்படியாக நடைமுறைக்கு வரும். எதற்காக வாங்கினோமோ அதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும், தேவை முடிந்ததும் அழிக்க வேண்டும் என்பது அதன் சாரம். இப்போதே பழகிக்கொள்வது நல்லது.

இ-பாஸ் எடுக்கப் பணம் கேட்கிறார்கள். சரியா?

இல்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு வந்த முறை இது. அரசின் தளத்தில் இலவசம். தேடும்போது விளம்பரமாக மேலே வருகிற தளத்தில் அட்டை நம்பர், யுபிஐ கேட்டால் அது வேறு யாருடையதோ. கீழே இருந்து வரும் சொந்தக்காரர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வந்தது, திறந்தேன். என்ன செய்வது?

கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்திருந்தால் அது பத்திரிகையே இல்லை, ஒரு செயலி. பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப்பாகவோதான் வரும். போக்குவரத்து அபராதம், பிஎம் கிசான் தவணை, வங்கி கேஒய்சி என்ற பெயர்களிலும் இதே வகைக் கோப்பு வருகிறது. தெரிந்தவர் நம்பரிலிருந்தே வரும், ஏனென்றால் அவர் போன் முதலில் பிடிபட்டிருக்கும். நிறுவியதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் உங்களுக்கு வரும் ஓடிபி எல்லாம் அவர்களுக்குத் தானாகவே போய்விடும். நீங்கள் யாரிடமும் ஓடிபி சொல்லாமலேயே பணம் போவது இப்படித்தான்.

தொட்டு மட்டும் பார்த்தீர்கள், நிறுவவில்லை என்றால் கோப்பை அழித்துவிட்டால் போதும். நிறுவிவிட்டால் இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. மொபைல் டேட்டா, வைஃபை இரண்டையும் அணைத்து, சிம்மைக் கழற்றுங்கள். ஓடிபி போகும் வழி அடைபடும்.
2. வேறொரு போனிலிருந்து வங்கிக்குப் பேசி யுபிஐ, நெட்பேங்கிங், அட்டை மூன்றையும் நிறுத்தச் சொல்லுங்கள்.
3. அமைப்புகளில் செயலிகள் பட்டியலுக்குப் போய் அதை நீக்குங்கள். நீக்க விடாமல் தடுத்தால், அணுகல்தன்மை, சாதன நிர்வாகி என்ற இரண்டு இடங்களிலும் அதற்குக் கொடுத்த அனுமதியைப் பறித்துவிட்டு நீக்குங்கள்.
4. அப்படியும் போகாவிட்டால் போனை முழுதாக அழித்துத் தொடங்குங்கள்.
5. பாஸ்வேர்டுகளை வேறொரு போனில் மாற்றுங்கள். அதே போனில் மாற்றினால் புதியதும் போய்விடும்.

பிறகு, "தெரியாத செயலிகளை நிறுவு" என்ற இடத்தில் வாட்ஸ்அப், குரோம் இரண்டுக்கும் அனுமதியை அணைத்து வையுங்கள்.

வங்கியிலிருந்து பேசுகிறோம் என்கிறார்கள். உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வங்கிகள் சேவைக்காக அழைக்கும் எண் 1600 என்று தொடங்க வேண்டும் என்பது இப்போதைய முறை. சாதாரண 10 இலக்க செல் நம்பரிலிருந்து "வங்கி" பேசினால் வைத்துவிடுங்கள். எஸ்எம்எஸ் அனுப்புநர் பெயரின் கடைசி எழுத்தையும் பாருங்கள்: அரசு என்றால் ஜி, பணப் பரிவர்த்தனை என்றால் டி, சேவை என்றால் எஸ், விளம்பரம் என்றால் பி. கணக்கு முடங்கும் என்று மிரட்டும் செய்தி செல் நம்பரிலிருந்து வந்தால் பொய். வங்கித் தளங்களின் முகவரியும் இப்போது பேங்க்.இன் என்று முடிகிறது. பழைய முகவரியைப் போல இருக்கும் வேறு எதையும் நம்பாதீர்கள்.

பணம் வாங்க பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. யூகலிப்டஸ் எண்ணெய், ஹோம்மேட் சாக்லேட் விற்பவர்களிடம் "ராணுவத்தில் இருக்கிறேன், வெலிங்டனுக்கு மாற்றலாகி வருகிறேன், மொத்தமாக வேண்டும்" என்று பேசி, முன்பணம் அனுப்புவதாக க்யூஆர் படம் அனுப்புவார்கள். அதை ஸ்கேன் செய்து பின் போட்டால் பணம் உங்களிடமிருந்துதான் போகும். சீருடைப் படமும் அடையாள அட்டையும் அனுப்பினாலும் அதேதான்.

"டிஜிட்டல் கைது" என்று ஒன்று சட்டத்தில் இல்லை. எந்தப் போலீஸும் வீடியோ அழைப்பில் யாரையும் கைது செய்வதில்லை.

வாட்ஸ்அப்பை யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

உங்கள் நம்பரைப் போட்டு மறுபடி பதியுங்கள், 6 இலக்கக் குறி உங்கள் சிம்முக்குத்தான் வரும், அவர் வெளியேறிவிடுவார். அவர் இருபடிப் பின் (வாட்ஸ்அப்புக்கு நாமே வைக்கும் கூடுதல் பூட்டு எண்) வைத்துவிட்டிருந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டியிருக்கும். அதுவரை அவராலும் உள்ளே வர முடியாது. திரும்பக் கிடைத்ததும் முதல் வேலையாக இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள், இணைக்கப்பட்ட சாதனங்களில் தெரியாததை வெளியேற்றுங்கள். நட்சத்திரக் குறியில் தொடங்கி நடுவே ஒரு செல் நம்பர் வரும் குறியீட்டை டயல் செய்யச் சொன்னால் செய்யாதீர்கள். அது உங்கள் அழைப்புகளை அவர்களுக்குத் திருப்பிவிடும்.

கூடலூர் பஸ்ஸில் போன் தொலைந்துவிட்டது.

லாக் போட்டிருக்கிறீர்கள் என்றாலும் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் உங்கள் ஓடிபி எல்லாம் அங்கே வரும். ஆகவே முதலில் சிம்மை முடக்கச் சொல்லுங்கள், அடுத்தது வங்கி, அதற்குப் பிறகுதான் போனைத் தேடுவது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்கி, அதே நம்பருக்கு மாற்று சிம் எடுங்கள். புதிய சிம்மில் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, அது வழக்கம்தான். அதன் பிறகு சஞ்சார் சாத்தியில் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைப் போட்டுப் போனையே முடக்கலாம். அந்த 15 இலக்க எண்ணை இன்றே *#06# அழுத்திப் பார்த்து வீட்டில் எழுதி வையுங்கள். பெட்டியைத் தூக்கி எறிந்தவர்கள் பிறகு தவிக்கிறார்கள்.

தொலைவதற்கு முன்னால் செய்யக்கூடியது சிம்முக்குப் பின் வைப்பது. நிறுவனம் கொடுத்த தொடக்கப் பின்னை ஊகித்துப் போடாதீர்கள். மூன்று தடவை தவறினால், பூட்டிய சிம்மைத் திறக்கும் 8 இலக்க பக் (PUK) எண் கேட்கும், அதையும் பத்து தடவை தவறவிட்டால் சிம் செத்துவிடும். வாடிக்கையாளர் மையத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

குளிரில் போன் என் விரலை ஏற்பதில்லை. லாக்கை எடுத்துவிட்டேன்.

திரும்பப் போடுங்கள், 6 இலக்க எண்ணாக. பிறந்த ஆண்டு வேண்டாம், வண்டி நம்பரும் வேண்டாம்.

பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வைக்கலாமா?

வைக்கலாம். வீட்டுப் பீரோவில் இருக்கும் நோட்டு, எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைப்பதைவிட எவ்வளவோ மேல். மழைக்காலத்தில் ஈரம் ஏறாமல் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். யுபிஐ பின், ஏடிஎம் பின் இரண்டையும் மட்டும் அதில் எழுத வேண்டாம். மெயில் பாஸ்வேர்ட் நீளமாக, வேறெங்கும் பயன்படுத்தாததாக இருக்கட்டும், ஏனென்றால் மற்றக் கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்ற வரும் செய்தி அங்கேதான் வரும்.

பங்களாவைப் பூட்டிவிட்டுச் சமவெளியில் இருக்கிறோம். கேமரா வைத்திருக்கிறோம், போதுமா?

பொருத்தியவர் வைத்த பாஸ்வேர்டே இன்னும் இருந்தால், வீடு காலியாக இருப்பதை உங்களோடு சேர்ந்து வேறு சிலரும் பார்க்கலாம். கேமரா, வைஃபை ரௌட்டர் இரண்டின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள், கேமரா மென்பொருளைப் புதுப்பியுங்கள். படுக்கையறையை நோக்கி ஒன்றும் வேண்டாம்.

பணம் போயே விட்டது. இப்போது?

சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். ஊட்டியில் உள்ள சைபர் குற்றப் பிரிவுக்குப் போகக் கூடலூரிலிருந்து 50 கிலோமீட்டர் மலைப்பாதை. அவ்வளவு நேரம் காத்திருந்தால் பணம் நாலைந்து கணக்கு தாண்டியிருக்கும். முதல் ஒரு மணி நேரத்தில் சொன்னால் எதிர்க்கணக்கிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். கணக்கு எண், தொகை, நேரம், யுபிஐ என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, தேசிய சைபர் குற்றத் தளத்தில் முழுப் புகாரையும் பதியுங்கள். செய்திகளையும் அழைப்புப் பட்டியலையும் அழித்துவிடாதீர்கள், அவைதான் சாட்சி.

அன்றே வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி, தவறு உங்களுடையதாகவோ வங்கியுடையதாகவோ இல்லாத மோசடியை, வங்கித் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களைச் சேராது. 4 முதல் 7 வேலை நாளுக்குள் என்றால், அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 5,000 ரூபாய், மற்ற சேமிப்புக் கணக்குக்கு 10,000 வரை நீங்கள் ஏற்க நேரும். ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது உங்கள் பொறுப்பு. தெரிவித்த பிறகு போனது வங்கியின் பொறுப்பு. அதனால் வெட்கப்பட்டு மறைக்காமல் நேரத்தோடு சொல்லிவிடுங்கள், புகார் கடிதத்தின் நகலில் முத்திரையும் நேரமும் வாங்குங்கள். 30 நாளில் பதில் வரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவி எண் 14448.